தனித்தொகுதியில் ஒரு பொறியாளர்: நம்மவர்தான், ஆனால் யாருடையவர்?



ஐயா எல். இளையபெருமாள் அவர்களின் பெயரால் நடக்கும் இந்த நினைவுப் பொழிவுக்கு எதைப் பேசலாம் என்று யோசித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது ஒரு தண்ணீர்ப் பானை. பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த பானையைச் சிறுவன் இளையபெருமாள் உடைத்தார் என்பதை நம் பகுதிகளில் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1965இல் அவர் தலைமையில் அமைந்த குழு, தீண்டாமை குறித்த அறிக்கையை 1969இல் அரசிடம் கொடுத்தது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று அதில் எழுதினார்கள். 1970இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பின்னால் அந்த அறிக்கையும் இருந்தது. ஒரு பிரதிநிதி என்ன செய்ய முடியும் என்பதற்கு நாம் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் இன்று நாங்கள் வென்றவரைப் பற்றிப் பேச வரவில்லை. தோற்ற ஒருவரைப் பற்றியும், அவரை நிறுத்திய எங்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். அவர் ஒரு பொறியாளர். 2021 சட்டமன்றத் தேர்தலில், வட மாவட்டத்துத் தனித்தொகுதி ஒன்றில் சுயேச்சையாக நின்றார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர்களையும் அதனால் தவிர்க்கிறோம். அந்தத் தோல்வியை நாங்கள் இதுவரை எந்த மேடையிலும் பேசவில்லை. பேசாமல் விட்டால் அடுத்த தேர்தலிலும் அதே தவறுகளைச் செய்வோம் என்பதால் இங்கே பேசுகிறோம்.

ஜீப்பில் வந்த சாப்பாடு

அவர் ஓர் அரசுத் துறையில் ஏரி, மதகு, குடிநீர்க் குழாய் என்று 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலனி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, கல்வி உதவித்தொகையில் பொறியியல் முடித்து, இடஒதுக்கீட்டில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர். இந்தக் கதை உங்களில் பலருடைய கதையும்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஊர் ஏரியின் மதகைச் சரிசெய்யப் போயிருக்கிறார். மதியம் ஊர்ப் பெரியவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் சாப்பாடு. உடன் போன ஊழியர்களுக்கும் ஓட்டுநருக்கும் திண்ணையில் இலை போட்டார்கள். இவருக்கு மட்டும் பொட்டலம் கட்டி ஜீப்புக்கே அனுப்பிவிட்டார்கள். அதிகாரி என்பதால் தனி மரியாதை என்று முதலில் நினைத்தாராம். இரண்டாவது நாளும் பொட்டலம் வந்தபோதுதான் புரிந்தது என்றார். அந்த மதகு இன்றும் ஒழுகாமல் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் அந்த ஊர் இன்றும் சாப்பிடுகிறது.

விருப்ப ஓய்வு பெற்று வந்தபின் அவரிடம் நாங்கள் கேட்டோம்: "ஏன் சார் தேர்தல்? சங்கம் வைக்கலாம், பயிற்சி மையம் நடத்தலாமே?" அவர் ஒரு தாளை எடுத்துக் குழாய்ப் படம் வரைந்தார். மேல்நிலைத் தொட்டி. அதிலிருந்து இறங்கும் பெரிய குழாய். முதல் வால்வு ஊர்த்தெருவுக்கு, இரண்டாவது கடைத்தெருவுக்கு. மூன்றாவது வால்வு காலனிக்கு. காலனியைத் தாண்டி, குழாயின் கடைசி முனையில் அருந்ததியர் தெரு. "இந்த வரைபடத்தைப் போட்டது நாங்கதான், பொறியாளருங்க. ஆனா எந்தத் தெரு முதல்லன்னு நாங்க முடிவு பண்ணல. அது எங்ககிட்ட வர்றப்பவே முடிவாகித்தான் வரும். முடிவு பண்ற இடத்துக்குப் போகணும்" என்றார்.

அவருடைய அரசியல் முழுவதும் இந்த நான்கு வாக்கியங்களில் இருந்தது. எங்கள் பிரச்சாரத்தில் நாங்கள் எழுதிய எந்தத் துண்டறிக்கையும் அவ்வளவு தெளிவாக இல்லை.

அவர் சொன்னது புதியதும் அல்ல. 1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்திய அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் பொதுப்பணியும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும் ஹிராகுட் அணைத் திட்டமும் அவர் காலத்தில் உருப்பெற்றவை. ஒரு குளத்துத் தண்ணீரைத் தொடும் உரிமைக்குப் போராடியவர், ஆறுகளின் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று திட்டமிடும் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க நாம் பழக வேண்டும். தண்ணீரைத் தொடுவது ஓர் உரிமை. அதைப் பங்கிடும் இடத்தில் இருப்பது இன்னோர் உரிமை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது நிலைக்காது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தபோது, எங்களுக்கு அவருடைய குழாய்ப் படம்தான் நினைவுக்கு வந்தது.

நேர்காணல்

அவர் முதலில் சுயேச்சையாக நிற்க நினைக்கவில்லை. பெரிய கட்சி ஒன்றில் விருப்ப மனு கொடுத்தார். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டார்கள். அது எதிர்பார்த்த கேள்விதான். அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சட்டப்படி செலவு உச்சவரம்பு 30.80 லட்சம். அது காகிதத்தில் மட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு வந்த கேள்விதான் முக்கியம். "ஒன்றியச் செயலாளரை அனுசரிச்சுப் போவீங்களா?" ஒன்றியச் செயலாளர் ஊர்த்தெருக்காரர். எந்தத் தெருவில் சாலை போடுவது, ஒப்பந்தம் யாருக்கு, காவல் நிலையத்துக்கு யார் பேசுவது என்பதெல்லாம் அவர் கையில். "அனுசரிக்கறதுன்னா என்னங்க?" என்று பொறியாளர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியோடு நேர்காணல் முடிந்துவிட்டது.

இங்கே சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. அந்த 44இல் யார் வென்றாலும் வெல்பவர் நம்மவர்தான். சட்டம் அதை உறுதி செய்கிறது. ஆனால் அவர் நம்மில் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான தனித்தொகுதிகளில் நம் வாக்கு சிறுபான்மை. மீதி வாக்கு யாருக்கு விழும் என்பதைப் பார்த்துத்தான் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றன. குரல் உயர்த்தாதவர், வழக்குப் போடாதவர், ஊர்த்திருவிழாவில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர். இந்தத் தகுதிப் பட்டியல் எந்த வேட்புமனுப் படிவத்திலும் இருக்காது.

இதை நம் தலைவர்கள் முன்கூட்டியே பார்த்தார்கள். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியும், பொதுத்தொகுதியில் இரண்டாவது வாக்கும் தந்தது. காந்தியாரின் உண்ணாவிரதத்துக்குப் பின் செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71இலிருந்து 148 ஆகக் கூடின. தனி வாக்கு போயிற்று. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குறைந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தத்திலும் ஒரு சிறு கதவு இருந்தது. அதை நாம் மறந்துவிட்டோம். பொதுத்தேர்தலுக்கு முன் நம் வாக்காளர்கள் மட்டும் கூடி, நான்கு பேர் கொண்ட பட்டியலை முதல்நிலைத் தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைத்தான் பிறகு எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல்நிலையில் நம் மக்கள் முதலிடம் கொடுத்தவர்கள் இறுதித் தேர்தலில் தோற்கடிக்கப்படுகிறார்கள் என்று அம்பேத்கர் அதையும் போதாது என்றே சொன்னார். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்டார். அரசமைப்புச் சட்டத்தில் தனி இடங்கள் வந்தன, முதல்நிலைத் தேர்தல் வரவில்லை. 1952இல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே காங்கிரசின் நாராயண கஜ்ரோல்கரிடம் தோற்றார். அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருக்கே அந்தக் கதி. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார்.

ஆகவே எங்கள் பொறியாளர் தோற்றதில் வியப்பில்லை. எப்படித் தோற்றார் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

பத்து கையெழுத்து

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். வைப்புத்தொகை பொதுவில் 10,000 ரூபாய், நமக்கு 5,000. பணத்தை அரைமணி நேரத்தில் திரட்டிவிட்டோம். பத்துக் கையெழுத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மனுத்தாக்கல் அன்று காலையில் மூன்று பேர் வரவில்லை. ஒருவர் குத்தகைக்கு உழுபவர். ஒருவர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர். மூன்றாமவர் வீட்டில் மகள் கல்யாணம், மண்டபம் ஊர்க்காரருடையது. யாரும் அவர்களை மிரட்டவில்லை. "உனக்கெதுக்குப்பா இது?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. சட்டத்தின் கண்ணில் படும் வன்முறைக்கு முன்னால், சட்டத்தின் கண்ணில் படாத ஆயிரம் வார்த்தைகள் இருக்கின்றன. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நினைவு எங்கள் தொகுதியிலும் எல்லோருக்கும் இருக்கிறது, அவர்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் ஒரு வார்த்தை போதுமாக இருக்கிறது.

பத்தாவது கையெழுத்துக்கு, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டியைக் கூட்டி வந்தோம். அவருக்குக் கையெழுத்துத் தெரியாது. தேர்தல் அலுவலர் முன்னால் கைநாட்டு வைத்தார். மைக்கறையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "எனக்கு நெலமும் இல்ல, கடனும் இல்ல, கட்டிக்குடுக்கப் பொண்ணும் இல்ல. என்ன யாரு என்ன பண்ணுவான்?" என்றார். ஒன்றுமில்லாதவர்தான் அன்று பயமில்லாதவராக இருந்தார். படித்து, வேலைக்குப் போன எங்களில் சிலர் முன்மொழியத் தயங்கியதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் தவறுகள்

சின்னம் கிடைத்தது மார்ச் 22இல். வாக்குப்பதிவு ஏப்ரல் 6இல். இரண்டு வாரம்தான். அதில் நாங்கள் செய்த மூன்று தவறுகளைச் சொல்கிறோம்.

முதல் தவறு, பட்டத்தை நம்பியது. 'படித்தவர், பொறியாளர், நேர்மையானவர்' என்று சுவரொட்டி அடித்தோம். ஊர்த்தெருவில் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மதகு ஊரிலேயே ஒரு விவசாயி, "நல்ல மனுசன், ஏரிய காப்பாத்திக் குடுத்தவரு. ஆனா இதெல்லாம் அவருக்கு எதுக்குங்க?" என்றார். வேலை செய்யலாம், ஆளக் கூடாது. திண்ணைக்கும் ஜீப்புக்கும் நடுவில் இருந்த அதே தூரம். பட்டம் சாதியைக் கரைத்துவிடும் என்று நாங்கள் நினைத்தது, ஆதிக்கச் சாதியின் தகுதி வாதத்தை நாங்களே எடுத்துப் பேசியதாக முடிந்தது.

காலனியில் வேறு கேள்வி வந்தது. ஓர் அம்மா, "இன்ஜினீயர் தம்பி, படிச்ச புள்ளைங்கதான் மொத இந்தத் தெருவ விட்டுப் போச்சுங்க. நீ எப்ப வந்த?" என்று கேட்டார். அவர் நகரத்தில் வீடு கட்டிக் குடியேறி இருபது வருடம் ஆகியிருந்தது. 1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கர், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் நொந்து பேசினார். அந்த அம்மா அந்தப் பேச்சைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதே நியாயத்தைத்தான் கேட்டார். பொறியாளர் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அந்த மௌனம் நேர்மையானது. ஆனால் மௌனத்துக்கு யாரும் வாக்களிப்பதில்லை.

இரண்டாவது தவறு பெரியது. அருந்ததியர் தெருவுக்கு நாங்கள் பிரச்சாரத்தின் கடைசி நாளில்தான் போனோம். 'நம் வாக்குதானே' என்ற எண்ணம். அங்கே ஒரு துப்புரவுப் பணியாளர் கேட்டார்: "தண்ணியும் எங்களுக்குக் கடைசியாத்தான் வருது. நீங்களும் கடைசியாத்தான் வர்றீங்க." குழாய்ப் படத்தை வரைந்து காட்டிய எங்கள் வேட்பாளரே, தன் பிரச்சாரப் பயணத்தை அதே குழாயின் வழியில் போட்டுவிட்டார். நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. 2009இல் தமிழ்நாடு 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும், நம் அமைப்புகளுக்குள் நடந்த சண்டைகள் நமக்குத் தெரியும். ஒற்றுமை பேசுகிறவர்கள் முதலில் தங்கள் பாதை வரைபடத்தைத் திருத்த வேண்டும். கடைமடைக்கு முதலில் போக வேண்டும்.

மூன்றாவது தவறு, தேர்தலைத் தேர்தல் காலத்தில் மட்டும் செய்தது. இரண்டு வாரத்தில் சின்னத்தைப் பழக்கலாம், நம்பிக்கையைப் பழக்க முடியாது. 2016இல் காட்டுமன்னார்கோயிலில் தோழர் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2021இல் அதே தொகுதியைப் பானைச் சின்னம் வென்றது. பொதுத்தொகுதிகளான நாகப்பட்டினத்திலும் திருப்போரூரிலும் வென்றது. கூட்டணி பலம் அதில் இருந்தது, உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் பல பத்தாண்டு களவேலையும் இருந்தது. எங்களிடம் ஒரு நல்ல மனிதரும் பதினைந்து நாளும்தான் இருந்தன.

மே 2இல் முடிவு வந்தது. பதிவான செல்லுபடி வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் வைப்புத்தொகை திரும்பாது. திரும்பவில்லை.

இனி என்ன?

தோல்விக்குப் பிறகு அவர் நகரத்துக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தோம். அவர் காலனியில் பழைய வீட்டின் கூரையை மாற்றிவிட்டு வாரத்தில் நான்கு நாள் அங்கேயே தங்கத் தொடங்கினார். அந்தக் கேள்வி கேட்ட அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. இப்போது அவரும் இளைஞர்களும் ஒவ்வோர் ஊராட்சியிலும் தொட்டி எங்கே, வால்வு எங்கே, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் என்று வரைபடம் தயாரிக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கணக்குக் கேட்கிறார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில் அந்த வரைபடத்தை விரிக்கிறார்கள். ஓர் ஊராட்சியில் அருந்ததியர் தெருவுக்குத் தனிக் குழாய் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டோம். வந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு முன்மொழிவை அவைமுன் வைக்கிறோம். பூனா ஒப்பந்தத்தோடு காணாமல் போன முதல்நிலைத் தேர்தலை நாமே நடத்துவோம். அதற்குச் சட்டம் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு தனித்தொகுதியில், தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்பே, ஒவ்வொரு காலனியிலும் ஒவ்வொரு அருந்ததியர் தெருவிலும் கூட்டம் போட்டு, பெண்கள் பாதிக்குக் குறையாமல் உட்கார்ந்து, நம் கோரிக்கைகளையும் நான்கு பெயர்களையும் முடிவு செய்வோம். அந்தப் பட்டியலை எல்லாக் கட்சிகளுக்கும் அனுப்புவோம். கட்சிகள் அதை மதிக்காமல் போகலாம். ஆனால் நம் மக்கள் யாரை விரும்பினார்கள், கட்சி யாரை நிறுத்தியது என்ற வேறுபாடு அன்று எல்லோர் கண்ணிலும் படும். 'நம்மவர்தானே நிற்கிறார்' என்ற ஒற்றைப் பதிலை அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

வென்று போகிறவர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. நம் பங்கு நிதி நம் தெருவுக்கு வருவதற்கென்று 2024இல் இம்மாநிலத்திலும் சட்டம் வந்துவிட்டது. அந்த நிதி எங்கே போனது என்று 44 பேரில் எத்தனை பேர் அவையில் கேட்டார்கள்? இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவது ஓர் இலக்கிய மன்றத்தால் முடியாத வேலை அல்ல. கதையும் கவிதையும் எழுதும் கைகள் கணக்கும் எழுதட்டும். இளையபெருமாள் பானையை உடைத்ததோடு நிற்கவில்லை. உட்கார்ந்து அறிக்கையும் எழுதினார்.

கடைசியாக ஒன்று. கைநாட்டு வைத்த அந்தப் பாட்டி இப்போது இல்லை. வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் அவரைப் பார்க்கப் போனோம். தோற்றுவிட்டோம் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ள இனிமே இங்க வருமா?"

வருவார் என்று சொன்னோம். அந்த வாக்கை மட்டும் இதுவரை காப்பாற்றியிருக்கிறோம்.